சென்னையின் வெளிவட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மதுரையிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்திருக்கிறீர்கள், பெருங்குடியில் தங்கியிருக்கிறீர்கள், சொந்தமாக வண்டி இல்லை. ஷிஃப்ட் வேலை என்பதால் விடுமுறை நாள் மாறி மாறி வருகிறது. மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல்லாவரம், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அரை நாளில் தனியாகப் போய்வர ஏதாவது உண்டா என்று கேட்டால், "அங்க அபார்ட்மென்ட்டைத் தவிர என்ன இருக்கு?" என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது இடங்களின் பட்டியல். ஆனால் கடைசியில் "ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பதில் சொல்ல விரும்புவது அதற்குத்தான்.

நான் சிவில் எஞ்சினியர். வீட்டுக் கடனுக்காக வங்கிகள் அனுப்பும் சொத்துகளை நேரில் பார்த்து மதிப்பீடு செய்வது தொழில். கையில் பத்திர நகல், பட்டா, புலப்படம் வைத்துக்கொண்டு மனையைத் தேடிப் பிடித்து நான்கு எல்லையைச் சரிபார்க்க வேண்டும். பழைய பத்திரங்களில் "வடக்கே ஏரி வாய்க்கால், கிழக்கே இன்னாருடைய நஞ்சை" என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் வாய்க்கால் இருந்த இடத்தில் சிமென்ட் ரோடு, நஞ்சை இருந்த இடத்தில் மூன்று மாடி ஃபிளாட். இருபது வருடங்களுக்கு மேல் இதையே செய்ததில், புறநகரில் எங்கே இறங்கினாலும் இரண்டு கேள்வி தானாக வந்துவிடும். முதலில் இங்கே தண்ணீர் எங்கே நின்றது? அப்புறம், யார் எந்த வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தார்கள்? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு நடந்தால் எந்த ஊரும் இன்னொரு ஊர் மாதிரி இருக்காது. தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். அதே நகைக்கடை, அதே பிரியாணிக் கடை, அதே மகப்பேறு மருத்துவமனை. அரை கிலோமீட்டர் உள்ளே போனால்தான் ஊர்.

தண்ணீரை முதலில் சொல்கிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். இங்கே நிலம் பொதுவாகக் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் தாழ்வான பக்கம் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். கரைக்குக் கீழே மதகுத் தண்ணீர் பாயும் வயல், அதை ஒட்டிக் கொஞ்சம் மேடான இடத்தில் ஊர். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இந்தச் சங்கிலி மனதில் இருந்தால் தெருப் பெயர்களே வழி சொல்லும். ஏரிக்கரைத் தெரு, மேட்டுத் தெரு, பஜனை கோயில் தெரு என்று வந்தால் பழைய ஊருக்குள் வந்துவிட்டீர்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, முன்பு வயல் பிரித்துவைத்திருந்த தூரத்தில், தலித் மக்கள் வாழும் காலனி இருக்கும். இப்போது இடையில் லேஅவுட் வந்து இரண்டும் ஒட்டிவிட்டதுபோல் தெரியும். ஆனாலும் கோயிலும் சுடுகாடும் இன்னும் தனித்தனிதான் என்பதை நடந்தால் கவனிப்பீர்கள். அதைப் பார்க்காமல் தமிழ்நாட்டு ஊர் எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

தண்ணீருக்காகவே போக வேண்டிய இடம் திருநீர்மலை. பெருங்குடியிலிருந்து துரைப்பாக்கம் போய், 200 அடி ரேடியல் ரோட்டில் பல்லாவரம் பஸ் பிடியுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வழியிலேயே வரும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளைப் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடம், தூரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. பல்லாவரத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ திருநீர்மலை. கீழே ஒரு கோயில், குன்றின்மேல் ஒரு கோயில். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலத்திலும் பெருமாள் இருக்கும் திவ்யதேசம் இது. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். அதை வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது என்பது புவியியல். மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் ஏரிகளும் அவற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும் வீடுகளும் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏன் மூழ்கின என்பதை ஒரு அறிக்கையும் படிக்காமல் அந்த மலைமேல் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தில் மனை பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே ஏறிவிட்டு வரச் சொல்வேன்.

இனி மனிதர்கள். தெற்குப் பக்கத்தில் அவர்களைக் கொண்டுவந்தவை பட்டாளமும் ரயிலும் தொழிற்சாலையும். பரங்கிமலையில் தொடங்குங்கள். புனித தோமையார் இங்கே கொல்லப்பட்டார் என்பது நம்பிக்கை. போர்ச்சுகீசியர் 1523இல் மலைமேல் தேவாலயம் கட்டியது ஆவணம். கட்டடம் சின்னதுதான், ஆனால் அதில் எத்தனை தேசம் என்று பாருங்கள். பீடத்தில் இருக்கும் கல் சிலுவையைச் சுற்றிய எழுத்து பாரசீகத்தின் பழைய பஹ்லவி. மேலே ஏறும் படிக்கட்டு கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே முதல் பாலம் போட்டவரும் அவரே. படியில் ஏறும்போதே விமானம் தலைக்குமேல் இறங்கிக்கொண்டிருக்கும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மலைமேல் தனி மரியாதை உண்டு. 1802இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கியபோது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டை இங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை, சுமார் ஏழரை மைல், சங்கிலி போட்டு அளந்தார். அந்தப் பெரும்பாக்கம்தான் இன்று நகரத்துக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு. வானம் தெளிவாக இருந்தால் அந்தத் திசையில் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும்.

பரங்கிமலை, பல்லாவரம் இரண்டும் கன்டோன்மென்ட். ராணுவத்தோடும் ரயில்வேயோடும் வந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பல்லாவரத்தில் வெட்டரன் லைன்ஸ் என்று ஒரு பகுதியே உண்டு. ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கான குடியிருப்பு. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இந்த ஊரில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. இன்று அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்து அலையாதீர்கள், கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பதில் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லைப் பாருங்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் போட்ட கல் இந்த வகைதான். அதை வைத்துத்தான் நிலவியலாளர்கள் இந்தப் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தார்கள்.

உங்கள் விடுமுறை ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தால் வேறு யோசனையே வேண்டாம், பல்லாவரம் சந்தைதான். பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடை. மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்பார்கள். இப்போது செடி, புறா, மீன்தொட்டி, பழைய ஸ்பேனர், ஒற்றைச் சக்கரம், உடைந்த கேமரா, யாரோ காலிசெய்த வீட்டின் தேக்கு அலமாரி, எந்த ஃபேனுக்கு என்று தெரியாத ரெகுலேட்டர். சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் விலை கேட்டால் முதலில் உங்கள் செருப்பைப் பார்ப்பார், பிறகுதான் விலை சொல்வார். ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அப்புறம் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள்.

அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். பக்கத்தில் பம்மல், நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கின்றன. காற்றடிக்கும் திசை சரியில்லாவிட்டால் மூக்கே சொல்லிவிடும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. பட்டணத்தில் குமாஸ்தா வேலை, தாம்பரம் பக்கம் தோட்டத்தோடு வீடு என்ற வாழ்க்கை அதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று. மின்சார ரயிலுக்கு முன்பே தாம்பரத்தின் காற்றைத் தேடி வந்தவர்களும் உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய் மருத்துவமனை கட்டினார். இன்று அதுவே ஒரு ஸ்டேஷனின் பெயர். கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அதன் வளாகத்தில் இன்னும் புதர்க்காடும் புள்ளிமானும் உண்டு. ஆனால் வாசலில் அனுமதி கேட்க வேண்டும், கிடைப்பது அன்றைய காவலாளியைப் பொறுத்தது.

வேலை தேடி வந்தவர்களின் இன்றைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ரயில் கிடையாது, பூந்தமல்லி போய் பஸ் மாற வேண்டும். தூரம் கூட என்பதால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். ராமானுஜர் பிறந்த ஊர், 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததும் பின்னாலேயே உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன. கூடவே கொரியக் குடும்பங்களும் வந்தன. பூந்தமல்லியைத் தாண்டியதும் கொரிய எழுத்துப் பலகைகள் கண்ணில் படத் தொடங்கும். சில உணவகங்கள் பார்க்கச் சாதாரண வீடு மாதிரியே இருக்கும். நீங்கள் கேட்டது ஒரு குழம்பாக இருந்தாலும் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, பொரித்த சின்ன மீன் என்று ஏழெட்டுக் கிண்ணம் தானாக வரும், அவற்றுக்குத் தனி விலை இல்லை. ஆனால் பில் நம் மெஸ் கணக்கில் இருக்காது, பர்ஸைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

கொரியர்களைவிட எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம் ஒடிசா, வங்காளம், அசாம், பிகாரிலிருந்து வந்தவர்கள். ஞாயிறு மாலை சிப்காட் பக்கத்துக் கடைத்தெருவில் கடுகெண்ணெய் பாட்டில், பொரி மூட்டை, தேதி போட்ட ரயில் டிக்கெட் எடுத்துத் தரும் செல்போன் கடை, அதன்மேல் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய அட்டை. நான் மதிப்பிட்ட பல "தனி வீடு"கள் உள்ளே போய்ப் பார்த்தால் அறைக்கு ஆறு பேர் தங்கும் விடுதி. தகரக் கூரை, வாசலில் வரிசையாகச் செருப்பு, கொடியில் ஒரே நிறத்தில் கம்பெனிச் சட்டை. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு உள் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். வல்லம் வடகாலில் 2024இல் திறந்த விடுதி 18,720 பெண்கள் தங்குவதற்கானது. நம் பக்கத்துச் சின்ன டவுனில் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு இருக்காது. ஷிஃப்ட் முடிந்து நீல பஸ், வெள்ளை பஸ் என்று வரிசையாகப் போகும்போது பாருங்கள், உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

மேற்கு ரயில் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்க் தொழிற்சாலை, சிஆர்பிஎஃப் முகாம் என்று சீருடை ஊர்கள். ஆவடியில் எந்த மாநிலத்து மொழியும் காதில் விழும், ஆனால் முக்கால்வாசி இடம் மதில் சுவருக்குப் பின்னால். அதனால் இரண்டு கோயில்களுக்காக மட்டும் இந்தப் பாதையில் போகச் சொல்வேன். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சன்னதிக்கு முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் இருக்கின்றன. எருக்கஞ்செடியில் தூணா என்று போய்ப் பார்த்தே தீர வேண்டும். திருநின்றவூரில் பூசலார் மனதுக்குள்ளேயே கட்டிய கோயிலின் கதைக்கு உரிய இருதயாலீசுவரர் இருக்கிறார். கட்டுமானச் செலவே இல்லாத கோயில் என்று எங்கள் ஆபீசில் ஒரு கேலி உண்டு.

வடக்கைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பகுதி என்பதால் எனக்கு அந்தப் பக்கம் வேலை குறைவு. திருவொற்றியூர் சுலபம், மெட்ரோவே போகிறது. தியாகராஜர் கோயில், அங்கே சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்துக்குச் சாட்சியாக நின்றதாகச் சொல்லும் மகிழமரம், கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியதும் இதே ஊரில். எண்ணூரில் முகத்துவாரம் வரை போனால் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களையும் அவர்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் ஒரே பார்வையில் காணலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்தது அந்தக் கழிமுகத்தில்தான். பழவேற்காடு புறநகர் ஆகாது, அரை நாளும் போதாது. பொன்னேரி வரை மின்சார ரயில், பிறகு பஸ். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை போய்விட்டது, எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு கல்லறைத் தோட்டம் நிற்கிறது. முழு நாள் விடுமுறையில் மட்டும் போங்கள்.

உங்கள் பக்கத்திலேயே இருக்கும், நகரத்துக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புகளான கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்ணகி நகரில் 2020இல் சுவர் ஓவியங்கள் வரைந்தார்கள், அவற்றைப் பார்க்க வெளியாட்கள் வருவது வழக்கமாகிவிட்டது. 2025 ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியின் கார்த்திகா இந்த நகர்க்காரர்தான். தாராளமாகப் போங்கள், டீ குடியுங்கள், சாயங்காலம் கபடிப் பயிற்சி நடந்தால் நின்று பாருங்கள். வீட்டு வாசல்களையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள். புழல், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் வேறு விஷயம். அங்கே வேலையோ உறவோ இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது.

நடைமுறைக்குச் சில. ஸ்ரீபெரும்புதூரையும் பழவேற்காட்டையும் தவிர மற்ற ஊர்களுக்குக் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் முடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு ஊர் போதும். ஞாயிறு மின்சார ரயில்கள் குறைவு, பராமரிப்பு வேலை என்று திடீரென நிறுத்தவும் செய்வார்கள், முந்தின நாள் பார்த்துவிடுங்கள். விமான நிலையம், ராணுவ இடங்கள் பக்கம் கேமரா வேண்டாம். தனியாகப் போகலாமா என்றால், நான் சொன்ன இடங்களில் பகலில் தாராளமாகப் போகலாம். ஏரிக்கரைகளில் மட்டும் இருட்டிய பிறகு நிற்க வேண்டாம். பழைய ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் கேட்டால் கட்டாயம் ஒருவர் "மனை பாக்க வந்தீங்களா?" என்பார். கோயிலுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் பேச்சு சரளமாக வரும். கையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள், ரோடு போட நிலம் எடுக்க வந்த ஆள் என்று நினைத்து ஊரே கூடிவிடும்.